‘ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம் மேடம்!’ - உங்க மரபணு ரகசியம் யார் கையில்?

ஒரு சின்ன வேலை செய்யுங்க. இதைப் படிச்சிட்டு இருக்கிற அதே போன்ல வாட்ஸ்அப்பைத் திறந்து, தேடும் இடத்தில் ‘ரிப்போர்ட்’ என்று டைப் பண்ணிப் பாருங்க. அப்பாவின் சுகர் டெஸ்ட், தங்கச்சியின் தைராய்டு, பாட்டியின் எக்ஸ்ரே, எப்பவோ எடுத்த உங்க சொந்த ஸ்கேன் என்று வரிசையாக வந்து விழும். யார் அனுப்பியது என்று பாருங்க. ஏதோ ஒரு லேப், பெயர்கூட சேவ் பண்ணாத ஒரு நம்பர், ‘நம்ம குடும்பம்’ குரூப்பில் சித்தப்பா.

நான் தேடியபோது 41 வந்தது. அதில் மூன்று, எனக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடையது. லேப்காரங்க நம்பர் மாத்தி அனுப்பியிருக்காங்க. அந்த மனிதரின் பெயர், வயசு, கிரியேட்டினின் அளவு எல்லாம் ஒரு வருஷமாக என் போனில் தூங்குகிறது. என்னுடையது யார் போனில் தூங்குகிறதோ!

மெடிக்கல் ஷாப்பில் “போன் நம்பர் சொல்லுங்க, டிஸ்கவுன்ட் வரும்” என்றால் யோசிக்காமல் பத்து இலக்கத்தையும் ஒப்பிக்கிறோம். நூறு ரூபாய் மாத்திரைக்குப் பத்து ரூபாய் மிச்சம். பதிலுக்கு, நாம் எந்த மாத்திரையை எத்தனை மாசமாகச் சாப்பிடுகிறோம் என்ற பட்டியல் அவர்கள் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. சரி, நமக்கு நம்ம உடம்பு விஷயத்தில் ரகசியமே கிடையாதா என்றால், அதுவும் இல்லை.

பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு தாள்

எங்க பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர், பெயர், ஆஸ்பத்திரி மூன்றும் வரக் கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன்.

அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். சிகிச்சையின்போது டாக்டர் ஒரு மரபணுப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். பி.ஆர்.சி.ஏ-1 என்ற மரபணுவில் பழுது இருப்பதாக முடிவு வந்தது. 2013-ல் நடிகை ஏஞ்சலினா ஜோலி தனக்கு இருப்பதாக வெளிப்படையாக எழுதினாரே, அதே மரபணு. இதில் பழுது இருக்கும் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 சதவிகிதத்துக்கும் மேல். சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 சதவிகித வாய்ப்பு. பையனா, பொண்ணா என்று அது பார்ப்பதில்லை. முன்கூட்டியே தெரிந்தால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம், தடுக்கவும் வழி இருக்கிறது. அதனால்தான் ‘கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கணும்’ என்று டாக்டர் கைப்பட எழுதிக்கொடுத்தார்.

பெரியம்மா அந்த ஒரு தாளை மட்டும் ஃபைலில் இருந்து உருவி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். எட்டு மாசம் அது அங்கேயே இருந்தது. அப்போது அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்தது. அடுத்த செக்கப்புக்குத் துணையாகப் போனது எங்க அம்மா. பெரியம்மாவின் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி. டாக்டர் சாதாரணமாகக் கேட்டார், “நீங்கதான் தங்கச்சியா? டெஸ்ட் எடுத்துட்டீங்களா?”

“என்ன டெஸ்ட்?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையாம். இறங்கி, டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லக்கா” என்றிருக்கிறார். அதற்குப் பெரியம்மா சொன்ன பதில்: “சொன்னா என் பொண்ணுக்கு மட்டுமாடி? உன் பொண்ணுக்கும் சேர்த்துல்ல வரன் தட்டிப்போகும்.”

அந்த ‘உன் பொண்ணு’ நான்தான்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் எட்டு மாசம் அது, என்னுடையதும்கூட. ஆனால், பெரியம்மா முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை என்பதும் புரிந்தது. அவர் பயந்தது ஹேக்கருக்கு இல்லை, கம்பெனிக்கு இல்லை. தரகருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் பயந்தார். நம்ம ஊரில் ஒரு மரபணு ரிப்போர்ட்டை வைத்து முதலில் முடிவெடுக்கிறவர்கள் அவர்கள்தானே?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தத் தாள் பெரியம்மாவுடையது மட்டும்தானா? இங்கிலாந்தில் இதே கேள்வி கோர்ட்டுக்கே போனது. ஒருவருக்கு ஹன்டிங்டன் நோய். மூளையைச் சிதைக்கும், பிள்ளைகளுக்கு 50 சதவிகித வாய்ப்புடன் கடக்கும், குணப்படுத்த முடியாத நோய். ‘என் பொண்ணுங்ககிட்ட சொல்லாதீங்க’ என்று அவர் டாக்டர்களிடம் சொல்லிவிட்டார். அப்போது மகள்களில் ஒருவர் கர்ப்பமாக இருந்தார். பிரசவத்துக்குப் பிறகே அவருக்கு விஷயம் தெரியவந்தது. பரிசோதித்தபோது அவருக்கும் அந்த நோய் இருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் மீது வழக்கு போட்டார். 2020-ல் தீர்ப்பு வந்தது. வழக்கில் அவர் தோற்றார். ஆனால், நோயாளியின் ரகசியத்தையும், அதனால் பாதிக்கப்படக்கூடிய ரத்த உறவின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை டாக்டர்களுக்கு உண்டு என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. மற்ற மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கும் மரபணு ரிப்போர்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்க சுகர் லெவல் உங்களைப் பற்றி மட்டும் பேசும். உங்க மரபணு, உங்க தாத்தாவில் இருந்து இன்னும் பிறக்காத பேத்தி வரை பேசும்.

கேட்பது யார்?

‘மக்களுக்குப் பிரைவசி பத்தியெல்லாம் கவலையே இல்ல, ஃப்ரீயா கொடுத்தா எல்லாத்தையும் கொடுப்பாங்க’ என்று சிலர் சொல்வார்கள். ‘மக்கள் பயந்து எதையும் கொடுக்க மாட்டாங்க’ என்று இன்னும் சிலர். மக்களிடமே கேட்டபோது வந்த பதில் வேறு மாதிரி இருந்தது.

‘யுவர் டிஎன்ஏ, யுவர் சே’ என்ற பெயரில் இந்தியா உள்பட 22 நாடுகளில் 36,268 பேரிடம் ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடந்தது. முடிவுகள் 2020-ல் வெளிவந்தன. உங்க மரபணு விவரத்தையும் மருத்துவ விவரத்தையும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பீங்களா என்பதுதான் கேள்வி. கேட்பவர் டாக்டர் என்றால் கொடுக்கும் விருப்பம் அதிகம். லாபத்துக்காக இயங்கும் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் என்றால் மிகக் குறைவு. ஆக, ஜனங்க பார்ப்பது ‘என்ன கேட்கிறாங்க’ என்பதைவிட ‘யார் கேட்கிறாங்க’ என்பதைத்தான். எங்க பெரியம்மாவும் டாக்டரிடம் ரத்தம் கொடுக்க ஒரு நொடிகூடத் தயங்கவில்லையே.

சிக்கல் என்னவென்றால், இன்றைக்கு டாக்டரும் கம்பெனியும் ஒரே பில்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர் எழுதுகிறார், லேப் ரத்தம் எடுக்கிறது, இன்னொரு ஊரில் இருக்கும் கம்பெனி மரபணுவைப் படிக்கிறது, ரிப்போர்ட் ஒரு ஆப் வழியாக வருகிறது. நாம் டாக்டரின் முகத்தைப் பார்த்துக் கையை நீட்டுகிறோம். கையெழுத்து மட்டும் கம்பெனியின் ஃபார்மில் விழுகிறது.

எச்சில் கொடுத்த ஒன்றரைக் கோடி பேர்

இது எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவில் 2025-ல் ஒரு உதாரணம் கிடைத்தது. ‘23 அண்ட் மீ’ என்ற நிறுவனம். மனித உடம்பில் இருக்கும் 23 ஜோடி குரோமோசோம்களை வைத்து வந்த பெயர். ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால், உங்க முன்னோர்கள் எங்கிருந்து வந்தார்கள், எந்த நோய்க்கான வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லும். கிறிஸ்துமஸ் கிஃப்ட்டாகக் கொடுக்கும் அளவுக்குப் பிரபலமானது. சுமார் ஒன்றரைக் கோடி பேர் வாடிக்கையாளர்கள். அவர்களில் 80 சதவிகிதம் பேர் ஆராய்ச்சிக்கும் சரி என்று சம்மதம் கொடுத்திருந்ததாக நிறுவனமே சொன்னது. 2018-ல் ஜிஎஸ்கே மருந்து நிறுவனம் இதில் 30 கோடி டாலரை முதலீடு செய்தது. கிஃப்ட்டாக வந்த குழாயில் எச்சில் துப்பியவர் காசும் கொடுத்து, மூலப்பொருளும் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு பிசினஸ் யாருக்கு வாய்க்கும்?

2023-ல் ஒரு கசிவு. வேறு தளங்களில் திருடிய பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்து, திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். ஆனால், விவரம் பறிபோனது 69 லட்சம் பேருக்கு. ‘உங்க டிஎன்ஏ சொந்தக்காரங்க யார்’ என்று காட்டும் வசதி அதில் இருந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தவன் அங்கே மாட்டியிருந்த குடும்ப போட்டோக்களை எல்லாம் எடுத்துப்போனது போல. பாஸ்வேர்டை ஒழுங்காக வைத்திருந்தவரும் மாட்டினார், யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் அதே பாஸ்வேர்டை நாலு இடத்தில் வைத்திருந்ததால்.

2025 மார்ச்சில் நிறுவனம் திவால் நோட்டீஸ் கொடுத்தது. கடையை மூடினால் மேஜை, நாற்காலி ஏலத்துக்கு வரும். இங்கே ஏலத்துக்கு வந்ததில் விலை உயர்ந்த சரக்கே ஒன்றரைக் கோடி பேரின் மரபணுதான். ‘உங்க டேட்டாவை உடனே அழிச்சிடுங்க’ என்று கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலே மக்களுக்கு அறிவிப்பு கொடுத்தார். சுமார் 19 லட்சம் பேர் அழிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒவ்வொருவரின் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்று 20-க்கும் மேற்பட்ட மாகாணங்கள் கோர்ட்டுக்குப் போயின. கடைசியில், நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாப நோக்கமற்ற அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்த முறை தப்பித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கவனியுங்க, எச்சில் கொடுத்த அன்றைக்கு அவர்கள் நம்பியது ஒரு கம்பெனியை. அந்தக் கம்பெனி நாளைக்கு யாருடையதாக இருக்கும் என்று எந்த ஃபார்மிலும் டிக் பண்ண முடியாது.

கார்டு தொலைந்தால் பிளாக் பண்ணி வேறு வாங்கலாம், பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். மரபணுவுக்கு ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ பட்டன் கிடையாது.

சர்க்கரைக்குக் கொடுத்த ரத்தம்

யார் என்பதற்கு அடுத்து, எதற்கு என்பது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் என்ற சின்னப் பழங்குடி. அவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். 1990-ல் தொடங்கி அரிசோனா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் ரத்தம் வாங்கினார்கள். சர்க்கரை நோய்க்கு வழி பிறக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் நடக்கும் திருமணம், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் ஆராயப்பட்டிருக்கிறது என்று. இந்தப் பள்ளத்தாக்கில்தான் நாங்க தோன்றினோம் என்பது அவர்களின் நம்பிக்கை. அதையே அவர்களின் ரத்தத்தை வைத்து மறுத்தால் எப்படி இருக்கும்? வழக்கு போட்டார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

நெருங்கிய உறவுத் திருமணம் என்றதும் உங்களுக்கு உறைத்திருக்கும். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொடுப்பது தமிழ்நாட்டில் இன்றும் சகஜம். நம்ம ஆட்கள் ரத்தத்தை யாராவது படித்துவிட்டு ‘இந்த ஊர்க்காரங்களுக்கு இப்படி, இந்த சாதிக்காரங்களுக்கு அப்படி’ என்று ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த நாள் அது மீம் ஆகும், அடுத்த மாசம் வரன் பார்க்கிற இடத்தில் பேச்சாகும். டெஸ்ட்டே எடுக்காதவனும் அந்த வரிக்குள் மாட்டிக்கொள்வான்.

அப்படியானால் கதவைச் சாத்திக்கொள்ளலாமா? அங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். யாருமே கொடுக்கவில்லை என்றால் நமக்கு என்ன நோய் என்றே நமக்குத் தெரியாமல் போகும். 2009-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெருந்துறை தண்டபாணி முதல் ஆசிரியர். இதயத் தசையோடு தொடர்புடைய எம்.ஒய்.பி.பி.சி-3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவிகிதம் பேருக்கு இருக்கிறது, அது இதயச் செயலிழப்புக்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்று அது சொன்னது. 100 பேர் இருக்கும் கல்யாண மண்டபத்தில் நாலு பேர். ஐரோப்பியர்களின் மரபணுவை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா? ஊர் ஊராக ஜனங்க ரத்தம் கொடுத்ததால்தான் தெரிந்தது. இந்திய அரசின் ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தில் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த 10,000 பேரின் மரபணு முழுவதும் படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டதும் இதே காரணத்துக்காகத்தான். இந்த வேலை நடக்கணும். நடக்கணும் என்றால் ஜனங்களுக்கு நம்பிக்கை இருக்கணும்.

‘பிறவியிலேயே இருக்கு, பணம் கிடையாது’

நம்பிக்கையைக் கெடுக்கும் முதல் ஆள், இன்ஷூரன்ஸ். இதயத் தசை தடித்துப்போகும் நோய் உள்ள ஒருவர், மருத்துவச் செலவுக்கு க்ளெய்ம் கேட்டார். ‘இது மரபணு நோய், பாலிசியில் விலக்கு இருக்கு’ என்று யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கையை விரித்தது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. ‘மரபணுக் கோளாறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி ஒருவரை ஒதுக்குவது பாரபட்சம் என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. யோசித்துப் பாருங்க, சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு என்று எதில்தான் மரபணுவின் பங்கு இல்லை? அந்த விலக்கை நேராகப் பிடித்தால் ஒருத்தருக்கும் பணம் கிடைக்காது. அடுத்த மாதமே, இந்தக் காரணத்தைச் சொல்லி க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தீர்ப்பை எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

ஆனால், மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 2008-லும் கனடாவில் 2017-லும் வந்துவிட்டது. அமெரிக்கச் சட்டத்திலும் ஓட்டை உண்டு: ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கும் வேலைக்கும்தான் பாதுகாப்பு, லைஃப் இன்ஷூரன்ஸுக்கு இல்லை. சம்பந்தி வீட்டுக்கு எந்த நாட்டிலும் சட்டம் கிடையாது. அதை விடுங்க.

அடுத்து, பூட்டாத அலமாரி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸின் வாடிக்கையாளர் விவரங்கள் 2024-ல் டெலிகிராம் சாட்பாட்டுகள் வழியாகக் கிடைத்தன. பாலிசி, க்ளெய்ம் பேப்பர், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம். 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொன்னார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் டெலிகிராம் மீதும் ஹேக்கர் மீதும் வழக்கு போட்டது. இதைப் படிக்கும் உங்க வீட்டிலேயே அந்த பாலிசி இருக்கலாம். யாராவது உங்களைக் கூப்பிட்டு ‘கசிஞ்சதுல உங்க பேப்பர் இருக்கா, இல்லையா’ என்று சொன்னார்களா?

டிக் பண்ணும் முன்னே

சட்டம் ஒன்று வந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் செய்ய வேண்டிய முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். கசிவைத் தடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். கொடுத்தது போலவே சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று இருக்கிறது. சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் நீட்ட முடியாது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் கேட்கலாம். தமிழில் கொடுங்க என்று நீங்க கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

பிடிக்காத அம்சமும் இருக்கிறது. 2019-ல் கொண்டுவந்த பழைய மசோதாவில் உடல்நல விவரம், மரபணு விவரம் இரண்டும் ‘உணர்திறன் மிக்கவை’ என்று தனி வகையாக இருந்தன. 2023 சட்டத்தில் அந்த வகையே காணாமல் போய்விட்டது. பீட்சா ஆர்டர் பண்ணிய அட்ரஸும், பெரியம்மாவின் பி.ஆர்.சி.ஏ ரிப்போர்ட்டும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகைத் தரவு. ஆராய்ச்சிக்கென்று தனியாக விலக்கும் வைத்திருக்கிறார்கள். அந்த நபரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது, அரசு வகுத்த தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. ஹவசுபாய் மாதிரி ஒரு கூட்டத்தையே ஒரு வரியில் முத்திரை குத்தினால் இந்த நிபந்தனை என்ன செய்யும் என்று எனக்குப் புரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரி வரிசையில் இப்போது ‘ஆபா இருக்கா?’ என்று கேட்கிறார்கள். 14 இலக்க ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுன்ட். 70 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் உருவாகிவிட்டன. இது கட்டாயம் இல்லை, இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. நியாயமாகச் சொன்னால், அதன் வடிவமைப்பு நம்ம வாட்ஸ்அப் பழக்கத்தைவிட எவ்வளவோ மேல். ரிப்போர்ட் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். இன்னொருவர் பார்க்க வேண்டும் என்றால் உங்களிடம் கோரிக்கை வரும். எதற்காக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரையான ரிப்போர்ட், எப்போது வரை பார்க்கலாம் என்று அதில் இருக்கும். மறுக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம். ஆனால், ஓ.பி. சீட்டுக்காகக் காலை ஆறு மணிக்கு வந்து நிற்கும் ஒரு பாட்டியின் போனை வாங்கி, கவுன்ட்டரில் இருப்பவரே ஓ.டி.பி. பார்த்து ‘ஓகே’ அழுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். சிஸ்டத்தில் அதுவும் ‘சம்மதம்’ என்றுதான் பதிவாகும்.

நம்ம பங்கும் ஒன்று இருக்கிறது. ரிப்போர்ட் கையில் வந்ததும் அதை அப்படியே ஏ.ஐ. சாட்பாட்டில் போட்டு ‘இது நார்மலா?’ என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். கேளுங்க, தப்பில்லை. ஆனால் மேலே இருக்கும் பெயர், வயசு, போன் நம்பர், லேப் ஐடி எல்லாவற்றையும் க்ராப் பண்ணிட்டுக் கேளுங்க. ஸ்டேட்டஸ் போட்டோவுக்கு நாம பண்ணாத க்ராப்பா? மரபணு ரிப்போர்ட் என்றால் அங்கே போடவே வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்க. இப்போது ‘உங்க குழந்தைக்கு எந்தத் திறமைன்னு டிஎன்ஏ சொல்லும்’, ‘உங்க ஜீனுக்கு ஏத்த டயட்’ என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. துப்புவதற்கு முன், மிச்ச எச்சிலை என்ன பண்ணுவீங்க, கம்பெனியை வித்தா என்ன ஆகும், அழிக்கச் சொன்னா அழிப்பீங்களா என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்க. பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அம்மாவின் பேனா

அம்மா கடைசியில் டெஸ்ட்டுக்குச் சம்மதித்தார். நானும் கூடப் போனேன். கவுன்ட்டரில் நாலு பக்க ஃபார்ம். இங்கிலீஷ். மூன்றாவது பக்கத்தில் ஒரு கட்டம்: மிச்சமுள்ள மாதிரியையும் தகவலையும் ஆராய்ச்சிக்கும் ‘பிற பயன்பாடுகளுக்கும்’ உபயோகிக்கச் சம்மதிக்கிறேன்.

“யாரு ஆராய்ச்சி பண்ணுவாங்க?” அம்மா கேட்டார்.

“தெரியல மேடம். எல்லாரும் டிக் பண்ணிடுவாங்க.”

“பிற பயன்பாடுன்னா?”

கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்க என்பது போல. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நானும் ‘டிக் பண்ணும்மா, பரவாயில்ல’ என்றுதான் சொல்லப் போனேன், இத்தனையும் படித்த நானே. அம்மா பேனாவை வாங்கினார். கட்டத்தில் டிக் பண்ணவில்லை. ‘பிற பயன்பாடுகள்’ என்ற சொற்களை அடித்தார். பக்கத்து ஓரத்தில் தமிழில் எழுதினார்: ‘புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மட்டும் தரலாம். வேறு எதற்கும் கேட்காமல் தரக் கூடாது.’ கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

அந்தப் பெண் ஃபார்மைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பத்து நிமிஷம் கழித்து வந்தாள். “சார் பரவாயில்லன்னுட்டாரு மேடம். ரிப்போர்ட்டை எந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ண?”

“எந்த நம்பருக்கும் வேணாம்மா. நானே வந்து வாங்கிக்கிறேன்.”

மூன்று வாரம் கழித்து, என்னைக்கூடக் கூப்பிடாமல், தனியாகப் போய் வாங்கிவந்தார். அன்று ராத்திரி பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். எனக்கும் சொன்னார். அதை இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன் என்றிருக்கிறார்.